ஏழாவது கூம்பும் நாற்பதாயிரம் பயணிகளும்

நாற்பதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரே பிற்பகலில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்டுபிடித்துக் கொடுத்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஓர் ஏசி மெக்கானிக்கின் மாமியார். தொலைந்தவர்களில் ஒருவரைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. வேறு யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது.

நம்ப வேண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தின் வாசல்காரரும் அன்றைக்கு நம்பவில்லை. அவர் எதையுமே லேசில் நம்புகிற ரகம் இல்லை. சூரியனே நேரில் வந்தாலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் உள்ளே விடமாட்டார்.

"வந்த காரணம்?" என்றார் பேனாவை உயர்த்தி. மணி ஒன்றரை.

"கம்ப்யூட்டர் ரூம்ல ஏசி ரிப்பேர்" என்றார் மாப்பிள்ளை.

"கூட வந்திருக்கறது?"

"ஹெல்ப்பர்."

வாசல்காரர் அந்த ஹெல்ப்பரை ஏற இறங்கப் பார்த்தார். அறுபத்தாறு வயது, வெள்ளைத் தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, நெஞ்சோடு அணைத்த கைப்பை. பதினெட்டு கிலோ கருவிப்பெட்டி மெக்கானிக்கின் தோளில் இருந்தது.

"ஹெல்ப்பர் சும்மா வராங்க, மெக்கானிக் பெட்டி தூக்கறாரு?"

"எங்க வீட்டுல வழக்கமே அப்படித்தான் சார். நான் கட்டிக்கிட்டது இவங்க பொண்ணத்தான், ஆனா வேலைக்குச் சேர்ந்தது இவங்ககிட்ட."

"மாப்பிள்ளை, நீங்க பேசாம இருங்க" என்றாள் அத்தை. "காரணத்த ஒழுங்கா எழுதச் சொல்லுங்க. அதோ வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்காளே, அவ மேல விழுந்த பழியை நாலு மணிக்குள்ள எடுத்துடப் போறோம். அதுதான் காரணம்."

ரகசியமாக நுழைவதற்காகப் போட்ட வேஷம் ஒன்றரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

பெஞ்சில் இருந்தது மாப்பிள்ளையின் சொந்த அக்கா. கூடத்தில் எல்லோருக்கும் அவள் ஈயக்கா. கதிர்வீச்சை அளக்கும் டிடெக்டரைச் சுற்றி ஈயக்கட்டிகளை அடுக்கி, வெளிக் கதிர்வீச்சு ஒரு துளியும் உள்ளே எட்டிப்பார்க்காமல் காவல் காப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக அடுக்குகிறாள். கட்டிகள் அவளைப் பார்த்தால் தாமாகவே வரிசையில் நிற்கும் என்பது மாப்பிள்ளையின் கருத்து.

போன வாரம் பொத்தான் அளவு வில்லை ஒன்றை டிடெக்டருக்குள் வைத்தாள். இந்தக் கூடத்தில் இதுவரை யாரும் அளந்து பார்த்திராத புதுச் சரக்கு. வில்லையிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து ஒளி வீசும். அந்த ஒளி வரைபடத்தில் கூம்பு கூம்பாக எழும். ஆறு கூம்பு வரும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தது. வந்தது ஏழு.

ஏழாவது எங்கிருந்து வந்தது? இன்னொரு கதிர்ப்பொருளை ஈயக்கா வெளியிலிருந்து கொண்டுவந்து கவனமில்லாமல் உள்ளேயே விட்டுவிட்டாள் என்று தீர்மானித்தார்கள். அடையாள அட்டையை வாங்கி உறையில் போட்டு இயக்குநர் மேஜையில் வைத்தாயிற்று. நாலு மணிக்குக் குழு கூடி எழுத்தில் போட்டுவிடும்.

"வேலை போனா போகட்டும்டா" என்று காலையில் தம்பியிடம் சொல்லியிருந்தாள். "ஆனா கதிர்ப்பொருளைக் கண்ட இடத்துல விட்டவன்னு எழுதிட்டா, உலகத்துல ஒரு கூடமும் என்னைப் படியேற விடாது. நான் வச்சது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

வாசல்காரர் பேனாவை மூடினார். "அம்மா, பெரிய பெரிய பட்டம் வாங்கினவங்க ஒரு வாரமா அந்த ரூமைத் தலைகீழாப் புரட்டித் தேடினாங்க. கெடைக்கல. நீங்க நாலு மணிக்குள்ள..."

"ஒரு வாரம் ஒரே இடத்துல தேடிக் கெடைக்கலேன்னா, இடத்த மாத்தணும்னு தோணாதா? முப்பத்தாறு வருஷம் ரயில்வேல கால அட்டவணை போட்டவ நான். என் அட்டவணையில ஒரு பயணி தொலைஞ்சதில்ல. நாப்பதாயிரம் பேர் தொலைஞ்சாலும் உட்கார்ந்த இடத்துலேர்ந்து கண்டுபிடிப்பேன்."

அது வாய்க்கு வந்த எண். பின்னால் வந்ததைப் பார்க்கும்போது அந்த வாயைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கவேண்டும்.

"கண்டுபிடிச்சீங்கன்னா இந்த நோட்டுல என் கையால எழுதிக் கையெழுத்தும் போடறேன்" என்றார் வாசல்காரர். "நடக்காது. அதனால தைரியமாச் சொல்றேன்."

உள்ளே போகும் வழியில் இருபுறமும் இரண்டு சாம்பல் நிறத் தூண்கள் நின்றன. அத்தை நின்றுவிட்டாள்.

"இது எதுக்கு?"

"யார்கிட்டயாவது கதிர்வீச்சு இருந்தாக் கத்தும்."

"எப்பவாவது கத்தியிருக்கா?"

வாசல்காரர் முதல்முறையாகச் சிரித்தார். "போன மாசம் மூணு நாள் கத்திச்சு. இயக்குநர் உள்ள வரப்பல்லாம். ஆஸ்பத்திரியில இதயத்தப் படம் எடுக்க ஏதோ ஊசி போட்டிருந்தாங்களாம். மானம் போகுது, அணைச்சு வைன்னார். எழுத்துல குடுங்க சார்னேன். குடுக்கல. அதனால மூணு நாளும் அது கத்திச்சு, மூணு நாளும் நான் எழுதினேன்."

"உங்கள மாதிரி ஒருத்தர் எங்க ஆபீஸ்ல இருந்திருந்தா, நான் பத்து வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆகியிருப்பேன்" என்றாள் அத்தை. வாசல்காரருக்கு அது பாராட்டா இல்லையா என்று கடைசிவரை விளங்கவில்லை.

கம்ப்யூட்டர் அறைக்குள் இருந்த வெக்கையில், கையில் ஒரு முட்டையை வைத்திருந்தால் குஞ்சு பொரிந்து வெளியே வந்து விசிறி கேட்டிருக்கும். நடுவில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாமி உட்கார்ந்திருந்தார். மார்பு வரை தாடி, உச்சிக்கொண்டை. சிமுலேஷன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முடி வெட்டியதில்லை. அதனால் அந்தப் பெயர். டிடெக்டரையும் வில்லையையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாகக் கட்டி, பத்து லட்சம் பொய் அணுக்களைச் சிதையவிட்டு, என்ன கூம்பு வரவேண்டும் என்று சொல்லுகிற மென்பொருள் அவர் பொறுப்பு.

மாப்பிள்ளை ஏசியைத் திறந்தார். ஃபில்டரில் ஒரு கம்பளி பின்னுகிற அளவுக்குத் தூசி. தட்டிப்போட்டால் தீர்ந்தது, இரண்டு நிமிட வேலை. திரும்பி அத்தையைப் பார்த்தார். அவள் புருவம் ஒரு நூல் உயர்ந்தது.

"கோளாறு ரொம்பப் பெருசு சார்" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

அத்தை சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். "தம்பி, இந்த அணுவெல்லாம் சிதைஞ்ச பிறகு எங்க போகும்?"

"நீங்க யாரு?"

"ஹெல்ப்பர்."

வெக்கையில் சாமிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "சிதைஞ்சதும் வேற அணுவா மாறும். மாறினது நேரா தரைக்கு வராது. பல உயரத்துல இறங்கி நிக்கும். அப்புறம் அங்கேர்ந்து படிப்படியாக் கீழ குதிக்கும். குதிக்கறப்ப ஒளி வீசும். கடைசியாத் தரைமட்டம். அதோட சரி, நிம்மதி."

"அதாவது முதல் வண்டியில வந்து ஒரு ஸ்டேஷன்ல இறங்கறாங்க. அங்க அடுத்த வண்டி ஏறி வீட்டுக்குப் போறாங்க."

"அது வந்து... ஆமா. அப்படியும் சொல்லலாம்."

"எந்த ஸ்டேஷன்ல எத்தனை பேர் இறங்கினாங்க, எத்தனை பேர் ஏறினாங்கன்னு ஒத்துப் பாத்தீங்களா? எங்க ஆபீஸ்ல அதப் பாக்காம அச்சுக்கே அனுப்ப மாட்டோம்."

"தேவையில்லை. கெளம்பினது பத்து லட்சம். வீடு சேர்ந்தது பத்து லட்சம். மென்பொருள் தப்புப் பண்ணாது."

"ஒரு தடவை பாருங்களேன்."

"நேரம் இல்லம்மா."

மாப்பிள்ளை ஏணி மேலிருந்து குனிந்தார். "சாமி, உங்க ஃபில்டர் என் கையில இருக்கு. அத்தை கேட்ட எண்ணிக்கை வந்தா இது உள்ள போகும். வரலேன்னா நானும் இதுவும் அடுத்த வாரம் வருவோம்."

சாமியின் தாடியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விசைப்பலகையில் விழுந்தது. தட்ட ஆரம்பித்தார்.

முக்கால் மணி நேரம் ஓடியது. திரையில் ஒவ்வொரு உயரத்துக்கும் நேராக இறங்கியவர், ஏறியவர் என இரண்டு எண்கள் வந்தன. ஒரு வரியில் சாமியின் விரல் நின்றுபோனது.

"உயரம் தொண்ணூத்தேழு. இறங்கினது நாப்பதாயிரத்து நூத்திப் பன்னெண்டு. ஏறினது..." அவர் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். "பூஜ்யம்."

ஏணி ஆடியது. மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். வாசலில் அத்தை அள்ளிவிட்ட எண், பின்னாலேயே நடந்து வந்து இங்கே உட்கார்ந்திருந்தது!

"அப்ப அத்தனை பேரும் பிளாட்ஃபாரத்துல நிக்கறாங்களா?" என்றாள் அத்தை.

"இல்ல. எல்லாரும் வீட்டுல இருக்காங்க."

"வண்டி ஏறாம எப்படி வீட்டுக்குப் போனாங்க?"

"யாராவது பைக்ல லிஃப்ட் குடுத்திருப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, ஃபில்டரத் துடைங்க. தம்பி, டிடெக்டர்ல வந்த ஏழாவது கூம்பு எந்த உயரத்துல?"

சாமி ஈயக்காவின் வரைபடத்தை எடுத்தார். பார்க்கவேண்டிய அவசியமே இல்லாததுபோல மெதுவாக எடுத்தார். "தொண்ணூத்தேழு."

"எங்க இறங்கணும்னு சொல்றதும், எங்கேர்ந்து புறப்படணும்னு சொல்றதும் ஒரே பட்டியலா?"

"ரெண்டு கோப்பு. இறங்கற கோப்பு ஒரு குழு போட்டது. புறப்படற கோப்பு இன்னொரு குழு."

அத்தை கைதட்டிச் சிரித்தாள். "எங்க ரயில்வேல ரெண்டு கோட்டம் மாதிரி! அதத்தான் தேடிட்டு இருந்தேன். ரெண்டையும் ஒரே அளவு எழுத்துல அச்சடிச்சுக் குடுங்க."

இரண்டு தாளும் வந்தன. அத்தை எழுந்திருக்கவில்லை. தரையை ஒரு உதை உதைத்தாள். நாற்காலி சக்கரத்தில் உருண்டு ஜன்னலில் போய் முட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாகத் தாள்களைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள். பின்னாலிருந்து வெயில் அடித்தது. அட்டவணை அலுவலகத்தில் இரண்டு கோட்டங்களின் தாள்களை முப்பத்தாறு வருடம் இப்படித்தான் பார்த்தாள்: எண்ணின் மேல் எண் உட்கார்ந்தால் சரி, வால் முளைத்தால் எங்கோ ஒரு குடும்பம் பெட்டியோடு நடுவழியில் நிற்கிறது.

எல்லா எண்களும் சமர்த்தாக உட்கார்ந்தன. ஒன்றுக்கு மட்டும் வால்.

"இறங்கற தாள்ல தொண்ணூத்தேழு புள்ளி நாலு" என்று படித்தாள். "புறப்படற தாள்ல தொண்ணூத்தேழு புள்ளி நாலு மூணு."

சாமி துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். "போன மாசம் புதுப் பதிப்பு போட்டேன். புறப்படற கோப்பை இன்னும் நுணுக்கமா அளந்து திருத்தியிருக்காங்க. இறங்கற கோப்பு பழசாவே இருந்திருக்கு. புள்ளி பூஜ்யம் ஒண்ணு வித்தியாசம்னா மென்பொருள் பொறுத்துக்கும். இது புள்ளி பூஜ்யம் மூணு. இப்படி ஒரு ஸ்டேஷனே இல்லன்னு முடிவு பண்ணி, இறங்கினவங்களை நேரா வீட்டுல கொண்டுபோய் விட்டிருக்கு."

"குதிக்காம போனதால ஒளி இல்ல. ஒளி இல்லாததால கூம்பு இல்ல." அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். "உங்க அக்கா ரூம்ல எதுவும் கூடுதலா இல்ல மாப்பிள்ளை. இந்த ரூம்லதான் ஒண்ணு கொறையுது."

"என்ன நடக்கிறது இங்கே?" என்றது ஒரு குரல்.

இயக்குநர். கையில் குழுவின் தீர்மானத் தாள். மணி மூன்று இருபத்தைந்து. ஏசி ஏன் இன்னும் சரியாகவில்லை என்று பார்க்க வந்தவர், ஏசி மெக்கானிக் கன்னத்தில் கைவைத்து ஏணியில் உட்கார்ந்திருப்பதையும், ஹெல்ப்பர் ஜன்னலில் தாள் ஒட்டியிருப்பதையும் பார்த்தார். சாமி தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார்.

"கட்டுக்கதை" என்றார் இயக்குநர். "அலமாரியில இருக்கற கதிர்ப்பொருள் எல்லாம் எண்ணிக்கை சரியா இருக்கு. அப்ப அந்தம்மா வெளியிலேர்ந்துதான் கொண்டுவந்திருக்காங்க."

"வெளியிலேர்ந்துன்னா வாசல் வழியாத்தானே சார்?" என்றாள் அத்தை பணிவாக. "உங்க இதயத்துக்குப் போட்ட ஊசிக்கே மூணு நாள் கத்தின வாசல், இவ கொண்டுவந்ததுக்கு மட்டும் வாயத் தொறக்கலையா? நோட்டுல மூணு நாளும் எழுதியிருக்கு சார். தேதியோட."

இயக்குநரின் காது சிவந்தது. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. "சரி. ஒரு எண்ணுல சின்ன வித்தியாசம் இருக்கு. அதனாலதான் கூம்பு போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? இப்படி ஒரு கோளாறு வந்தா மென்பொருளே எச்சரிக்கை குடுக்கும். பத்து லட்சம் அணு ஓட்டினீங்களே, ஒரு எச்சரிக்கையாவது வந்துதா?"

நியாயமான கேள்வி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் பதினாறு வருடம் அந்தப் பதிலில் தொங்கியது. மாப்பிள்ளையின் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஆனது அது இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்தன்று.

சாமி தாடியை ஒரு முழம் முறுக்கினார்.

"வரல, இல்லையா?" என்றார் இயக்குநர்.

"வந்திருக்கும் சார்."

"வந்திருக்குமா?"

"அது எல்லாத்துக்கும் கத்தும் சார். தும்மினாக் கத்தும், இருமினாக் கத்தும். திரை ரொம்பிடும். அதனால..." குரல் கொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "சேர்ந்த முதல் நாளே எச்சரிக்கையை எல்லாம் அணைச்சு வச்சுட்டேன்."

அத்தை நாற்காலியில் சாய்ந்தாள்.

"வாசல்ல ஒருத்தர், உங்க அதிகாரத்துக்குக்கூட அணைக்க மாட்டேன்னார்" என்றாள். "இங்க ஒருத்தர், யாரும் கேக்காமலே அணைச்சிருக்கார். வாயத் தொறந்து விடுங்க தம்பி. அது சொல்லட்டும்."

சாமி ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஓடவிட்டார்.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் நான்கு பேர்தான். திரை ஒரு கணம் யோசித்தது. அப்புறம் கொட்டியது! 'இந்த உயரம் பட்டியலில் இல்லை. தரைமட்டம் எனக் கொள்ளப்படுகிறது' என்று ஒரு வரி, அதே வரி, மறுபடி அதே வரி. அணை உடைந்ததுபோல, வருடக்கணக்கில் வாயைப் பொத்திவைத்த ஒருத்தி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பதுபோல. எழுத்து ஓடிய வேகத்தில் அறையில் காற்று அடித்தது என்று மாப்பிள்ளை இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். கடைசியில் நின்றபோது அடியில் மொத்தம் போட்டிருந்தது: 40,112.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இறங்கற கோப்புல அந்த எண்ணைத் திருத்தி இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூம்புகள் முளைத்தன. ஆறு. மாப்பிள்ளை மூச்சை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனார். தொண்ணூற்றேழில் ஒரு சின்ன மேடு அசைந்தது, நிமிர்ந்தது, எழுந்து நின்றது. ஏழு.

இயக்குநர் புது வரைபடத்தை அச்சடித்தார். ஈயக்காவின் வரைபடத்தை எடுத்தார். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னலில் வைத்துப் பிடித்தார்.

"வால் இருக்கா சார்?" என்றாள் அத்தை.

"இல்லை" என்றார் இயக்குநர். கையிலிருந்த தீர்மானத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை ஃபில்டரைப் பொருத்தினார். இரண்டே நிமிடம். சாமியின் தாடி குளிர்காற்றில் கொடிபோலப் பறந்தது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இயக்குநரே உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். சாம்பல் தூண்கள் இந்தத் தடவை அவரைப் பார்த்துக் கத்தவில்லை. பெஞ்சிலிருந்து ஈயக்கா எழுந்தாள். முகத்தில் எதையும் காட்டாமல் நின்றாள்.

"நீங்க வச்சது ஒண்ணுதான்" என்றார் இயக்குநர். "தப்பு எங்க கணிப்புல. குழுவுக்கு அப்படியே எழுதிடறேன். மன்னிச்சுக்கோங்க."

அவள் உறையைப் பிரித்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கொக்கி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை தம்பிதான் மாட்டிவிட்டார்.

"என்னடா மூக்க உறிஞ்சற?" என்றாள்.

"ஏசி குளிருதான்க்கா. வேற ஒண்ணுமில்ல."

அத்தை நேராகப் பதிவேட்டின் முன்னால் போய் நின்றாள். "எழுதறேன்னீங்களே?"

வாசல்காரர் அவளைப் பார்க்கவில்லை, இயக்குநரைப் பார்த்தார். "சார், இந்தம்மா நாப்பதாயிரம் பேரை உட்கார்ந்த இடத்துலேர்ந்து கண்டுபிடிப்பேன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. உண்மையைச் சொல்லுங்க. கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லை" என்றார் இயக்குநர்.

வாசல்காரர் மீசை மலர்ந்தது. "அதானே பாத்தேன்."

"நாற்பதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். உட்கார்ந்த இடத்துலேர்ந்துதான். நான் என் கண்ணால பாத்தேன்."

பேனா நெடுநேரம் தாளின் மேல் மிதந்தது. பிறகு வாசல்காரர், 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'ஏசி ரிப்பேர்' என்றிருந்ததை அடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். காணாமல் போனவர்கள் 40,112. கிடைத்தவர்கள் 40,112. நேரம் போட்டார். நிமிர்ந்தார்.

"அவங்கல்லாம் இப்ப வெளிய வராங்களா, உள்ளயே இருக்காங்களா? அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு."

"அவங்கவங்க வண்டியில ஏறி வீட்டுக்குப் போயாச்சு" என்றாள் அத்தை.

வாசல்காரர் அதையும் எழுதினார். தலையைச் சொறிந்தார். கீழே தன் கையெழுத்தைப் போட்டு, மை காய ஊதினார்.

"இப்பவும் நம்ப முடியலம்மா" என்றார். "ஆனா நடந்துச்சு."